மார்பிள் மொசைக்கில் கோளாறா? ஆசிட் பாட்டிலைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

அம்மா வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவுவதற்கு முன் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து விளக்கை எடுத்தால் தரையில் ஒரு வட்டம். விளக்கின் அடி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம், விளிம்பு மட்டும் மங்கல், நடுவில் பளபளப்பு அப்படியே இருக்கிறது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், கடைசியில் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினோம். புஸ்ஸென்று நுரை வந்தது. அழுக்கு கழன்று வருகிறது என்று நினைத்தோம், ஆனால் கழன்று வந்தது கல். இரண்டு சதுர அடிக்குப் பளபளப்பு போய், தரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வட்டத்தோடு விட்டிருந்தால் கையால் பாலிஷ் போட்டு ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருக்கலாம். மார்பிள் மொசைக்கைப் பொறுத்தவரை நான் பார்த்த சேதத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான், முதலில் வந்த கோளாறு சின்னது, அதற்குச் செய்த வைத்தியம்தான் கல்லைக் கெடுத்தது. அதனால் இந்தக் கட்டுரையைக் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

மொசைக் என்றால் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய வீட்டுத் தரை. சிமெண்டில் மார்பிள் சில்லுகளைக் கலந்து கொட்டி, காய்ந்தபின் மெஷினால் தேய்த்து எடுத்தது. நான் இங்கே பேசுவது பெரும்பாலும் இன்னொன்றைப் பற்றி. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று வெட்டிய மார்பிள் துண்டுகளை வலையில் ஒட்டி, ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒரு அடி ஷீட்டாக விற்கிறார்களே, அது. இரண்டிலும் இருப்பது ஒரே கல்தான். மார்பிள் அடிப்படையில் கால்சியம் கார்பனேட், புளிப்பு எதுவாக இருந்தாலும் அதைக் கரைக்கும். எலுமிச்சை, புளித்தண்ணீர், வினிகர், தயிர் எல்லாம் மெதுவாகக் கரைக்கும், கழிவறை ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்முன்னே கரைக்கும். அந்த நுரை கல்லிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை ஒரு சொட்டுத் தண்ணீர். மங்கிய இடத்தில் தண்ணீரைத் தடவுங்கள். ஈரமாக இருக்கும்வரை மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது அரிப்பு, கல்லின் மேல்தோல் போயிருக்கிறது. ஈரத்திலும் நிறம் அப்படியே தெரிந்தால் அது கறை, ஏதோ ஒன்று கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது, அல்லது கைக்குத் தடிப்பாகப் படுகிறது என்றால் மேலே ஏதோ படிந்திருக்கிறது. அரிப்பு, கறை, படிவு என்று இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கையில் எந்த பாட்டிலையும் எடுக்காதீர்கள்.

மங்கலான வட்டம், தெறித்த புள்ளிகள், ஒழுகிய கோடு

இது அரிப்பு. சமையலறையில் அடுப்புக்குப் பின்சுவரில் சாம்பார் தெறித்த புள்ளிகள், குளியலறையில் ஆசிட் ஒழுகிய கோடு, சாப்பாட்டு மேஜைக்குக் கீழே எலுமிச்சை ஜூஸ் டம்ளர் வைத்த வளையம். சீலர் அடித்திருந்தோமே, எப்படி வந்தது என்று கேட்பார்கள். சீலர் என்பது கல்லின் நுண்துளைகளை அடைத்து எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேல்பரப்பில் புளிப்பு பட்டால் கல் கரைவதை அது தடுக்காது. கடைக்காரர் தடுக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

லேசான அரிப்பு என்றால், அதாவது கண்ணுக்குத் தெரிகிறது ஆனால் விரலுக்குச் சொரசொரப்பு இல்லை என்றால், மார்பிள் பாலிஷ் பவுடர் போதும். டின் ஆக்சைடு கலந்த பவுடர் ஹார்டுவேர் கடைகளிலும் கல் விற்கும் இடங்களிலும் கிடைக்கிறது. துண்டின் மேல் கொஞ்சம் பவுடர், சில சொட்டுத் தண்ணீர், கெட்டியான கம்பளித் துணி அல்லது ஃபெல்ட் துண்டு, அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு அங்குலத் துண்டுக்கு மூன்று நான்கு நிமிடம் பிடிக்கும். கை வலிக்கும், ஆனால் பாலிஷ் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம், தேய்க்கத் தேய்க்க முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று மேலே இருக்கும் டியூப்லைட் அந்தத் துண்டில் நேர்க்கோடாகத் தெரியும். அங்கே நிறுத்திவிடலாம்.

விரலுக்குச் சொரசொரப்பு தெரிந்தால் பவுடர் மட்டும் போதாது. வைரத்தூள் பதித்த கைப்பட்டைகள் இருக்கின்றன. எண் ஏற ஏறப் பட்டை நைஸாகும். 400-இல் தொடங்கி 800, 1500, 3000 என்று ஏற்றிக்கொண்டே போய் கடைசியில் பவுடர், எல்லாம் தண்ணீரோடு. ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய பட்டையின் கீறல் கடைசிவரை நிற்கும். பெரிய பரப்பு என்றால் ஆளை வரவழைக்கலாம், ஆனால் அவர் கொண்டுவரும் மெஷின் பெரிய மார்பிள் பலகைக்கானது என்பதை நினைவில் வையுங்கள். மொசைக்கில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு ஜாயின்ட் இருக்கிறது, கனமான மெஷின் ஜாயின்டையும் சேர்த்து அரித்துவிடும். முதலில் ஒரு மூலையில் ஒரு ஷீட் அளவுக்கு மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் தரை பளபளப்பில்லாத மேட் வகையாக இருந்தால் வேலை எளிது. அரித்த இடத்தையும் சுற்றியிருக்கும் துண்டுகளையும் 400 பட்டையால் ஒரே சீராகத் தேய்த்தால் போதும், வித்தியாசம் தெரியாது. தரைக்கு மேட் எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இது ஒரு காரணம், ஈரக்காலுக்குப் பிடிமானம் இருப்பது இன்னொரு காரணம்.

குழாய்க்குக் கீழே வெள்ளைப் படலம்

போர்வெல் தண்ணீர் உள்ள எல்லா வீட்டிலும் இது வரும். ஸ்டீல் குழாயில் படிந்தால் எலுமிச்சைத் தோலால் தேய்க்கிறோம், போய்விடுகிறது. மார்பிளில் அது நடக்காது. காரணத்தைப் புரிந்துகொண்டால் ஆயுசுக்கும் தவறு செய்ய மாட்டீர்கள். கடினத் தண்ணீர் காய்ந்து விடும் படிவின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதேதான். படிவைக் கரைக்கும் எந்தத் திரவமும் கீழே இருக்கும் கல்லையும் கரைக்கும். உப்புக்கறை நீக்கி என்று விற்கும் பாட்டில்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

அதனால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி சுரண்டும் பிளேடு, புதியது, கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து, சோப்புத் தண்ணீர் தடவிய பரப்பில் மெதுவாக ஓட்டுங்கள். பிளேடைச் செங்குத்தாக நிறுத்தினால் கல்லில் கீறல் விழும், ஏனென்றால் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிளின் கடினம் ஏறக்குறைய 3, இரும்பு அதைவிடக் கடினம். படிவு போனபின் அடியில் மங்கலாக இருந்தால் மேலே சொன்ன பவுடர்.

திரும்ப வராமல் இருக்க ஒரே வழி தண்ணீரைக் கல்லின் மேல் காய விடாமல் இருப்பது. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரிலும் தரையிலும் ஒரு இழு. எங்கள் வீட்டில் வைப்பரைத் துண்டு மாட்டும் கொக்கியிலேயே மாட்டி வைத்திருக்கிறோம், துண்டை எடுக்கும்போது கை தானாக அதற்குப் போகும்.

ஜாயின்டில் வெள்ளைத் தூள் பூக்கிறது

மேலே சொன்ன படலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வெளியிலிருந்து வந்து படிவது, கெட்டியாக ஒட்டியிருக்கும். இது உள்ளிருந்து பூப்பது, பஞ்சு மாதிரி, விரலால் தட்டினால் உதிரும், துடைத்தால் போய்விட்டு இரண்டு நாளில் திரும்ப வரும். கலவையிலோ மணலிலோ அதற்குக் கலந்த தண்ணீரிலோ இருந்த உப்பு, ஓதத்தோடு மேலே ஏறி, தண்ணீர் ஆவியானதும் வெளியே நின்றுவிடுகிறது.

புதிதாகப் போட்ட தரையில் முதல் சில வாரம் கொஞ்சம் பூப்பது இயல்புதான். காய்ந்த நார்ப் பிரஷ்ஷால் கூட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். மாதக்கணக்கில் நிற்கவில்லை என்றால் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், குழாய்க் கசிவு, சுவருக்கு வெளிப்புறம் மழைநீர் தேங்குவது, குளியலறை வாட்டர்ப்ரூஃபிங் கிழிந்திருப்பது, இந்த வரிசையில் தேடுங்கள். தண்ணீரை நிறுத்தாமல் மேலே சீலர் அடிப்பது வீண். அதிலும் வார்னிஷ் மாதிரிப் படரும் பளபளப்புப் பூச்சை அடிக்கவே கூடாது, உப்பு வெளியே வர வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே படிகமாகி மேல்தோலைச் செதிலாக உரித்துத் தள்ளும்.

மஞ்சள், எண்ணெய், காபி, குங்குமம்

கறைக்கு வைத்தியம் பத்து போடுவது. சுளுக்கு விழுந்த காலுக்குப் பத்து போடுகிறோமே, அதே மாதிரி கல்லுக்கும். உள்ளே இறங்கியதைக் கரைத்து, காயும் பொடி வழியாக மேலே இழுப்பதுதான் வேலை. தேய்ப்பதால் கறை வராது, அது இருக்கும் ஆழத்துக்கு உங்கள் கை போகாது.

மஞ்சளிலிருந்து தொடங்கலாம், அதுதான் நம் சமையலறையில் அதிகம். கறையைப் பார்த்ததும் சோப்பு போட்டீர்கள் என்றால் மஞ்சள் சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சமாச்சாரம். சோப்பிலும் காரம் இருப்பதால் மஞ்சள் நிறம் மாறுகிறது, கறை கூடவில்லை. மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்கள், 6 சதவீதம் போதும். வாசனை கலக்காத டால்க் பவுடரில் அதை ஊற்றி இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையின் மேல் கால் அங்குல உயரத்துக்கு அப்புங்கள், கறையைத் தாண்டி ஒரு விரல் அகலம் கூடுதலாக. மேலே பிளாஸ்டிக் தாள், ஓரம் முழுக்க டேப். ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னொரு நாள் காய விடுங்கள். காயும்போதுதான் இழுக்கும், அதனால் ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துவிட்டால் பாதிப் பலன்தான். மரக்கரண்டியால் வழித்து எடுத்துத் தண்ணீரால் துடையுங்கள். ஒரே தடவையில் முழுதும் போகாது, பழைய கறைக்கு மூன்று தடவைகூட ஆகலாம். காபி, டீ, பூவின் சாயம் எல்லாவற்றுக்கும் இதே பத்துதான். கறுப்பு, கரும்பச்சை, அடர்பழுப்புக் கற்களில் மட்டும் பெராக்சைடு வேண்டாம், கல்லின் நிறத்தையே வெளுக்கும்.

எண்ணெய்க்குப் பெராக்சைடு வேலை செய்யாது. பூஜை அறையில் விளக்கு எண்ணெய் சொட்டிய இடம், அடுப்புக்குப் பின்னால் தாளிப்புத் தெறித்த இடம், இவையெல்லாம் நிறம் மாறாமல் ஈரமாக இருப்பது போலவே எப்போதும் கருத்துத் தெரியும். இதற்கு அதே டால்க் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பத்து போட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சிலிண்டர் வால்வை மூடி, பூஜை விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, அறை முழுக்க வாசனை போகும்வரை அடுப்பு பற்ற வைக்காதீர்கள்.

குங்குமம் கொஞ்சம் கடினம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த பழைய வகை என்றால் பெராக்சைடில் போய்விடும், சாயம் கலந்த கடைக் குங்குமம் சில சமயம் போகவே போகாது. அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிடலாம், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளை மார்பிள் பழுப்பாக, மஞ்சளாக மாறுகிறது

முதலில் இடத்தைப் பாருங்கள். இரும்பு வாளியோ, ஷேவிங் கிரீம் டப்பாவோ, துருப்பிடித்த ஆணியோ இருந்த இடத்தில் மட்டும் இருந்தால் அது துருக்கறை. அமிலம் கலக்காத, மார்பிளுக்கென்று விற்கும் துருநீக்கி மட்டும் வாங்குங்கள், பாட்டிலில் மார்பிளுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். துணிக்கான துருநீக்கிகள் பெரும்பாலும் அமிலம்.

இடம் இடமாக இல்லாமல் கல்லே உள்ளிருந்து மஞ்சளிக்கிறது என்றால் கல்லில் இயல்பாக இருக்கும் இரும்புச் சத்து தண்ணீரும் காற்றும் பட்டுத் துருவாகிறது. வெள்ளைக் கல்லைக் குளியலறைத் தரையில் போட்டால் இது நேரலாம், ஆசிட் ஊற்றினால் இன்னும் வேகமாக நேரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதை முழுவதும் திருப்ப முடியாது. தண்ணீர் நுழைவதைக் குறைக்கலாம், மேலும் போகாமல் நிறுத்தலாம். நிறம் மாறுவதே பிடிக்காது என்றால் குளிக்கும் இடத்தில் வெள்ளைக்குப் பதில் கிரீம், சாம்பல் நிறங்களை எடுப்பது நல்லது.

குளிக்கும் இடத்தில் மட்டும் காயாத கருப்புத் திட்டு

இரண்டு வாரம் அந்த ஷவரைப் பயன்படுத்தாமல், மின்விசிறி வைத்துக் காயவிடுங்கள். திட்டு மெதுவாக மறைந்தால் அது கறை கிடையாது, கல்லுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. மேலே வாட்டம் கொடுத்திருப்பார்கள், ஆனால் அடியில் உள்ள வாட்டர்ப்ரூஃபிங் பரப்பு சமமாக இருந்திருக்கும், ஜாயின்ட் வழியாக இறங்கும் தண்ணீர் டிரெயினுக்குப் போகாமல் அங்கேயே தேங்கும். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் வேண்டும், அதுவும் வாட்டர்ப்ரூஃபிங் அடிக்கும் முன்பே, கீழ்ப் பரப்பிலேயே. இதைச் சரிசெய்ய அந்தப் பகுதியைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். மேலே சீலர் அடித்தால் திட்டு பெரிதாகும்.

தட்டினால் டொக் டொக், துண்டு கையோடு வருகிறது

ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி. காலி டப்பா மாதிரிச் சத்தம் வந்தால் அடியில் பசை இல்லை. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

பெயர்ந்து வந்த துண்டின் பின்பக்கம்தான் சாட்சி. கல்லின் பின்புறம் வலையோடு சுத்தமாக வந்திருந்து, பசை முழுக்கத் தரையிலேயே வரிவரியாக நின்றால், பசை காய்ந்தபிறகு ஷீட்டை வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் இது சாதாரணமாக நடக்கும், ஃபேன் ஓடும் அறையில் இன்னும் சீக்கிரம். பரப்பிய பசையை விரலால் தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை என்றால் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். ஒரே தடவையில் இரண்டு மூன்று ஷீட்டுக்கு மேல் பரப்பவே கூடாது. துண்டுக்குப் பின்னால் வலை கொழகொழவென்று கழன்றால், வலையை ஒட்டிய பசை தண்ணீரில் கரையும் வகை. அப்படிப்பட்ட ஷீட் சமையலறைச் சுவருக்கு மட்டும்தான். வாங்கும்போதே ஒரு துண்டு ஷீட்டை ஒரு நாள் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் தெரிந்துவிடும்.

போடும் முறையில் இன்னொரு பெரிய தவறு, டைல்ஸின் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை வைத்து அமுக்குவது. பெரிய டைல்ஸுக்கே அது தவறு, மொசைக்கில் உருண்டைக்கு இடையில் வரும் துண்டுகளுக்குப் பிடியே இருக்காது. சிமெண்ட் பால் ஊற்றி அதன்மேல் வைக்கும் பழைய முறையும் வேண்டாம், சாம்பல் நிறம் வெள்ளைக் கல்லின் வழியாக மேலே தெரியும். வெள்ளை நிற டைல்ஸ் பசைதான் வேண்டும். பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணும் டைப் எண்ணும் அச்சிட்டிருக்கும். டைப் 1 அடிப்படை வகை, இயற்கைக் கல்லுக்கும் ஈரமான இடத்துக்கும் அதற்கு மேலான வகையைக் கேளுங்கள். 4, 5 மில்லிமீட்டர் பல்லுள்ள கரணையால் வரி இழுத்து, அப்புறம் அதே கரணையின் தட்டையான பக்கத்தால் அந்த வரிகளை லேசாக அமுக்கிச் சமமாக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் பசை ஜாயின்ட் வழியாகப் பிதுங்கி வரும், பிறகு ஜாயின்டை அடைக்கும் கலவையான க்ரவுட் போக இடம் இருக்காது. முதல் ஷீட்டை வைத்து அமுக்கியதும் ஒரு தடவை உரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஈரமான இடத்தில் 95 சதவீதமாவது பசை பட்டிருக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பாருங்கள்.

ஷீட் ஷீட்டாகக் கட்டம் தெரிகிறது, விளிம்பு காலில் இடிக்கிறது

ஷீட்டுக்குள் துண்டுகளின் இடைவெளி 2 மில்லிமீட்டர், ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் அறை முழுக்கச் சதுரம் சதுரமாகத் தெரியும். பசை ஈரமாக இருக்கும்போதே கத்தி முனையால் வலையை அறுத்து ஓரத் துண்டுகளை நகர்த்தலாம், காய்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பசை கலக்கும் முன் ஷீட்டுகளை வெறுந்தரையில் பரப்பிப் பாருங்கள், எல்லாப் பெட்டியையும் திறந்து கலந்து பரப்புங்கள், ஒரு பெட்டிக் கல்லுக்கும் இன்னொரு பெட்டிக் கல்லுக்கும் நிறம் மாறும்.

ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் கல்லாக இருப்பதைவிடக் கீழ்த்தரையாக இருப்பதுதான் அதிகம். இரண்டடி டைல்ஸ் சின்னப் பள்ளத்தைத் தாண்டிப் பாலம் மாதிரி நிற்கும். மொசைக் துணி மாதிரி, கீழே இருக்கும் மேடு பள்ளத்தோடு அப்படியே படியும். பத்தடி மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. ஒட்டும்போது சின்ன மரப்பலகையை ஷீட்டின் மேல் வைத்து ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும், விரலால் துண்டு துண்டாக அமுக்கினால் இப்படித்தான் ஆகும்.

க்ரவுட் விரிகிறது, கல்லின் ஓரம் கருத்திருக்கிறது, மேலே கீறல்

வெறும் ஒயிட் சிமெண்டைக் கரைத்து அடைத்திருந்தால் விரியும், உதிரும், மஞ்சளிக்கும். 3 மில்லிமீட்டர்வரை உள்ள ஜாயின்டுக்கு மணல் கலக்காத க்ரவுட் வாங்குங்கள். மணல் கலந்ததைப் பளபளப்பான மார்பிளில் தேய்த்தால் அந்தக் கீறல்கள்தான் மிஞ்சும். ஓரம் மட்டும் கருத்து ஒவ்வொரு துண்டுக்கும் சட்டம் போட்டது போலத் தெரிந்தால், எபாக்சி என்ற ரெசின் க்ரவுட்டோ நிறமுள்ள க்ரவுட்டோ கல்லுக்குள் ஊறியிருக்கிறது. க்ரவுட் போடும் முன்பே ஒரு தடவை சீலர் அடித்திருந்தால் இது குறைந்திருக்கும். எபாக்சி என்றால் மீதித் துண்டில் முதலில் போட்டுப் பார்க்காமல் தரையில் போடவே வேண்டாம்.

வேலை முடிந்த அன்று ஒரு ஆபத்து இருக்கிறது. டைல்ஸ் போடுகிறவர்கள் கிளம்பும் முன் சிமெண்ட் படலம் போக ஆசிட் வாஷ் செய்வது வழக்கம். அதுதான் முறை என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள், செராமிக்கில் ஒன்றும் ஆவதில்லை. மார்பிள் என்றால் வேலை தொடங்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஈர ஸ்பாஞ்சால் அவ்வப்போது துடைத்தாலே படலம் நிற்காது, நின்றுவிட்டால் வெள்ளை நைலான் பட்டையும் தண்ணீரும் போதும்.

மூலைகளில் க்ரவுட்டுக்குப் பதில் சிலிகான் போடுங்கள். மூடியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அது மார்பிளுக்கு ஆகாது, உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை அது. நியூட்ரல் க்யூர் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

பச்சை மார்பிள் மட்டும் ஓரம் தூக்குகிறது

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கத்திலிருந்து வரும் பச்சைக் கல் பெயரளவில்தான் மார்பிள், அது சர்ப்பென்டைன் என்ற வேறு கனிமத்தாலான கல். தண்ணீர் கலந்த சிமெண்ட் பசையில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சி வளையும். தூக்கியதைத் திரும்ப அமுக்கி ஒட்ட முடியாது. புதுத் துண்டை எபாக்சிப் பசையில் வையுங்கள். வெள்ளையும் பச்சையும் கலந்த டிசைன் ஷீட் வாங்கியிருந்தால் முழு ஷீட்டுக்கும் எபாக்சிதான்.

ஜாயின்டில் கரும்பூஞ்சை

காற்றோட்டம் இல்லை, தண்ணீர் காயவில்லை. பெராக்சைடை ஜாயின்டில் தெளித்து இருபது நிமிடம் விட்டு நார்ப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றுவதை எங்கேயும் எப்போதும் செய்யாதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பழைய மொசைக் தரை மங்கிவிட்டது

தாத்தா காலத்து மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைட் போடலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் கெஞ்சுவேன். மேலே ஒரு மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தால் அடியில் புதுத் தரை இருக்கிறது. குழிகளைப் பொருத்தமான நிறச் சிமெண்டால் அடைத்து, சொரசொரப்புக் கல்லில் தொடங்கி நைஸ் கல்வரை மெஷின் ஓட்டி, கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி போட்டுப் பாலிஷ். அதுவும் ஆசிட்தானே என்றால், ஆமாம், ஆனால் அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத ஒரு மெல்லிய படலமாக மாறுகிறது, தேய்க்கத் தேய்க்க மினுங்குகிறது. தெரிந்தவர் கையில், தண்ணீரோடு, தேய்த்துக்கொண்டே போட வேண்டிய பொருள். ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் பொருள் கிடையாது.

இன்னும் வாங்கவில்லை என்றால்

கடையில் ஒரு ஷீட்டை மட்டும் காசு கொடுத்து வாங்கி வாருங்கள். ஒரு துண்டில் மஞ்சள், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் புளித்தண்ணீர், ஒன்றில் காபி, ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் கழுவிப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு விட்டும் மங்கவில்லை என்றால் அது மார்பிளே இல்லை, பெரும்பாலும் மார்பிள் மாதிரி அச்சிட்ட செராமிக். அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை, ஆசிட்டுக்கு அஞ்சாமல் பயன்படுத்தலாம், ஆனால் மார்பிள் விலை கொடுக்க வேண்டியதில்லை. அடர் நிறக் கல்லை அசிட்டோன் தொட்ட வெள்ளைப் பஞ்சால் தேய்த்தால் சாயம் ஏற்றியதா என்று தெரியும். தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பத்து நிமிடத்தில் கல் கருத்தால் சீலர் அவசியம், வீட்டில் போட்டபிறகும் வருஷத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, கருத்தால் மட்டும் மறுபடி அடித்தால் போதும். தினசரிக்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் சில சொட்டு. எலுமிச்சை படம் போட்டது வேண்டாம். மொத்த அளவைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.

ஒரே ஒரு துண்டை மாற்றுவது

மொசைக்கின் பெரிய வசதி இதுதான், பெரிய பலகையில் இது நடக்காது. சுற்றியுள்ள நான்கு துண்டுகளின் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜாயின்டில் உள்ள க்ரவுட்டைக் கை ரம்பத்தால் அறுத்து முழுதும் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பக்கத்துத் துண்டு உடையும். கெட்டுப்போன துண்டின் நடுவில் டிரில்லால் நாலைந்து துளை போட்டு, சின்ன உளியை நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துச் சில்லு சில்லாக எடுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு நெம்பினால் பக்கத்துத் துண்டின் விளிம்பு போய்விடும். அடியில் உள்ள வலையைக் கத்தியால் அறுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதுத் துண்டு பக்கத்தோடு சமமாக உட்கார்கிறதா என்று பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள். அப்புறம் வெள்ளைப் பசை, மேலே டேப் போட்டு நகராமல் பிடித்து, ஒரு நாள் விட்டு க்ரவுட். புதுத் துண்டு முதலில் கொஞ்சம் வெளுப்பாகவும் கூடுதல் பளபளப்பாகவும் தெரியும். சுற்றியிருப்பது மேட் தரையாக இருந்தால் 400 பட்டையால் நாலு இழு இழுத்தால் ஒன்றிவிடும்.

அம்மாவின் வட்டத்தில் இப்படி ஆறு துண்டு மாற்றினேன், மற்றதைக் கையால் பாலிஷ் போட்டேன். மிச்சமான ஷீட்டைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே கல்லின் பெயர், க்ரவுட்டின் நிறம், போட்ட மாதம் எல்லாம் எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். விளக்கு தேய்ப்பதற்கு இப்போது பின்கட்டில் கிரானைட் பலகை ஒன்று கிடக்கிறது.